4, 8, 13 வயது: மூன்று பேருக்கும் என்ன தமிழ்ப் புத்தகம் வாங்கலாம்?

செந்தூல்_அம்மா:
வணக்கம். சின்னவள் பாலர் பள்ளி, 4 வயது. நடுவன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 2. மூத்தவன் படிவம் 1. ஆங்கிலத்தில் தலையணை மொத்தத்துக்குக் கதை படிக்கிறான், தமிழில் நாலு வரி தாண்டுவதில்லை. கடையில் கேட்டால் நீதிக்கதையை எடுத்து நீட்டுகிறார்கள், இல்லையென்றால் பயிற்சி நூல். சனிக்கிழமை கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் போகிறேன், கையில் 150 ரிங்கிட். பெயரோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நூலகப்பூனை:
அக்கா, பெயர் பிறகு. வயதைப் பார்த்து வாங்கினால் மூத்தவனுக்கு வாங்கியது அலமாரியில்தான் தூங்கும். முதலில் ஒரு சோதனை. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, ஏறக்குறைய 100 சொல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்குள் தடுக்கினால் தனியாகப் படிக்கலாம். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்ட வேண்டும்.

எங்கே தடுக்குகிறது என்பதையும் கவனியுங்கள். ‘போய்க்கொண்டிருந்தபோது’ மாதிரி நீண்ட சொல்லில் நின்றால், பொருள் தெரியாமல் இல்லை, எழுத்துக் கூட்டிப் பாதி தூரம் போவதற்குள் முன்பாதி மறந்துவிடுகிறது. அதற்கு மருந்து, குட்டி வாக்கியமுள்ள புத்தகம் நிறையப் படிப்பதுதான். ‘தாலுகா ஆபீஸ்’, ‘ரேஷன் கடை’ போன்றவற்றில் நின்றால் அது தமிழ்நாட்டு வாழ்க்கைச் சொல், நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு நகருங்கள். அந்த ஒரு சொல்லுக்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம்.

4 வயதுக்கு அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ பாடல்கள். படமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது காதுக்கான புத்தகம். கண்ணுக்குத் துலிகா பதிப்பகத்தின் படக்கதைகள். இருமொழிப் பதிப்பு வாங்கினால் பிள்ளையின் கண் ஆங்கில வரிக்கே ஓடும். ஒட்டி எடுக்கும் சிறுதாளை வரியின் அகலத்துக்கு நறுக்கி ஆங்கிலத்தை மறைத்துவிடுங்கள். தமிழ் மட்டும் உள்ள பதிப்பு கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்.

நடுவனுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சடித்துக்கொள்ளவும் உரிமம் உண்டு. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். ஆண்டு 2 என்றால் இரண்டாம் நிலை என்று தோன்றும். முதல் நிலையில் பத்துக் கதையை முடித்துவிட்டு ஏறட்டும். ஒரு விஷயம், அங்கே மொழிபெயர்ப்புகள் அதிகம், தரமும் ஒரே சீராக இருக்காது. முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே இடறினால் அந்தக் கதை வேண்டாம்.

ஜெலுத்தோங்_வாசகர்:
மூத்த பையனுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ வாங்கிக் கொடுங்கள் அம்மா. படம் வந்த பிறகு பையன்களுக்கும் ஆர்வம் இருக்கிறது. ஒரு தடவை உள்ளே போனால் வெளியே வரமாட்டான்.

நூலகப்பூனை:
ஐயா, உள்ளே போவதுதானே சிக்கல்! ஐந்து பாகம். தொடக்கமே நீண்ட வருணனை: வீரநாராயண ஏரி, ஆடிப்பெருக்கு, குதிரையில் வந்தியத்தேவன். நாலு வரி தாண்டாத பிள்ளைக்கு முதல் அத்தியாயமே மதில்சுவர். ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கி மேசையில் அடுக்கினால், பார்த்த உடனே கதவைச் சாத்திவிடுவான்.

கல்கிதான் வேண்டுமென்றால் ‘பார்த்திபன் கனவு’ சரி. மூன்று பாகமும் ஒரே புத்தகமாகக் கிடைக்கும், ஆட்களும் குறைவு, யார் யார் வேடத்தில் வருகிறார்கள் என்ற மர்மம் கடைசி வரை இழுத்துப் போகும். இதைக்கூடத் தனியாகக் கையில் கொடுக்காதீர்கள். முதல் மூன்று அத்தியாயத்தைப் பெரியவர் யாராவது வாசித்துக் காட்டுங்கள். பத்திரிகையில் தொடராக வந்த கதை, அத்தியாயத்தின் கடைசி வரியிலேயே கொக்கி போட்டிருப்பார். அந்த இடத்தில் ‘நாளைக்கு’ என்று மூடிவிடுங்கள். படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் காது, கண்ணைவிட முன்னால் இருக்கும்.

அதற்கும் முன்னால் காமிக்ஸ். முத்து, லயன் காமிக்ஸில் லக்கி லூக் என்ற கௌபாய் நகைச்சுவைக் கதைகளைத் தேடுங்கள். பேச்சுக் குமிழில் வாக்கியம் குட்டி, நடை பேச்சுத் தமிழுக்குப் பக்கம், புரியாததைப் படம் சொல்லிவிடும். அதே வெளியீட்டில் டெக்ஸ் வில்லர் துப்பாக்கிச் சண்டை அதிகம், அது உங்கள் முடிவு. காமிக்ஸ் படிப்பதெல்லாம் வாசிப்பா என்று பள்ளியில் யாராவது கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். பள்ளி வாசிப்புத் திட்டமான நிலாமின் பதிவேட்டில் எண்ணிக்கை காட்ட எட்டுப் பக்க நீதிக்கதைகளாகத் தேடி எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்த படி, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியைச் சுற்றி நடக்கும் கதை, 2023இல் பால சாகித்திய விருது பெற்றது. 2020இல் அதே விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் தொல்லையிலிருந்து பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்வதைப் பேசுகிறது. நல்ல புத்தகம், ஆனால் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். படிக்கும்போது பிள்ளை கேள்வி கேட்கும், பதில் தயாராக இருக்க வேண்டும்.

நம் மண்ணின் கதை என்றால் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. 1942-43இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டுபோய்ச் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம் அதன் களம். சாவும் நோயும் நிறைய, அதனால் 15 வயதுக்கு மேல்.

ஜெலுத்தோங்_வாசகர்:
ஒத்துக்கொள்கிறேன், பார்த்திபன் கனவே முதலில் இருக்கட்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், வாங்குமுன் ஓர் அத்தியாயத்தைக் கைப்பேசியில் சோதித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. பழைய நூல்களை ஒளிவருடிப் போட்ட மின்னூல்கள் நிறைய உலவுகின்றன. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் அச்சானதென்றால் லை, ளை, ணை, னை நான்கும் தலையில் யானைத் தும்பிக்கையோடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் ஒரே சுழியாக இருக்கும். நமக்குப் பழக்கம், பிள்ளைக்கு அது வேற்று மொழி. பினாங்கு லெபோ பாசார் பக்கம் பழைய புத்தகம் எடுத்தாலும் முதலில் ‘யானை’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

தாள்மடி:
ஸ்டோரிவீவர் கதையை அச்சடிப்பதில் எல்லாரும் ஒரே இடத்தில் மாட்டுகிறார்கள். பெரும்பாலான பக்கங்கள் அகலவாக்கில் இருக்கும். அச்சுப்பொறியில் புத்தக மடிப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் சுருங்கி எழுத்து எறும்பு மாதிரி வரும். ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்து, ஒரு தாளுக்கு இரண்டு பக்கம், மேலே ஒன்று கீழே ஒன்று, ஒருபக்க அச்சு. 16 பக்கக் கதைக்கு 8 தாள். குறுக்கே பாதியாக வெட்டி, இடது ஓரத்தில் கம்பி அடியுங்கள். 80 கிராம் தாள் போதும், பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் மை ஊடுருவித் தெரிந்தாலும் படிக்கத் தொந்தரவில்லை. இடது ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விடாவிட்டால் கம்பி முதல் எழுத்தைத் தின்றுவிடும்.

செந்தூல்_அம்மா:
எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்றே ஒன்றை அச்சடித்தேன். வெட்டி அடுக்கினால் 1, 3, 5 என்று வருகிறதே?

தாள்மடி:
எட்டுத் தாளையும் ஒன்றாக வைத்து வெட்டியிருக்கிறீர்கள். அப்படி வெட்டினால் மேல்பாதிக் கட்டில் ஒற்றைப்படை, கீழ்ப்பாதியில் இரட்டைப்படை. சீட்டுக்கட்டு கலைக்கிற மாதிரி இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்து அடுக்குங்கள். கம்பி அடிப்பதற்கு முன்னால் பக்க எண்ணைப் பார்த்துவிடுங்கள் அக்கா.