மாசி வீதித் தையற்கடைக்கு 7 லட்சம் கடன்: வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது, வேறு வழி உண்டா?

கேள்வி: விளக்குத்தூண் தையலகம்

வணக்கம். மதுரையில் விளக்குத்தூணுக்கு அருகே, தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகைக்குத் தையற்கடை நடத்துகிறேன். எனக்கு வயது 41. அப்பா காலத்துக் கடை இது. பள்ளிச் சீருடைகளை நாங்களே வெட்டித் தைத்து விற்பதுதான் முக்கிய வரவு. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் துணிக்குத் தையற்கூலியாக ஆண்டுக்கு 4 லட்சம் வரை வருகிறது. எல்லாம் சேர்த்து ஆண்டு விற்றுவரவு ஏறக்குறைய 18 லட்சம்.

ஓவர்லாக், காஜா மிஷின்கள் உள்ளிட்டவை வாங்க 3 லட்சமும், ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன்பே ஈரோட்டில் துணி எடுக்க 4 லட்சமும் தேவைப்படுகின்றன. இதுவரை துணிக்குத் தண்டல் (நாள்வசூல் கடன்) வாங்கித்தான் சமாளித்தோம். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கேட்டால் வீட்டுப் பத்திரம் கொண்டுவரச் சொல்கிறார்கள்; எங்களுக்குச் சொந்த வீடு இல்லை. உங்களுடையது வியாபாரம்தானே, மானியம் எதுவும் வராது என்றும் சொல்லிவிட்டார்கள். கடைக்கு வந்த முகவர் ஒருவர், பத்து விழுக்காடு கொடுத்தால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். உத்யம் சான்றிதழ் (குறு, சிறு தொழில் பதிவு) இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

பதில் 1: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

முதலில் அந்த முகவரை அனுப்பிவிடுங்கள், சகோதரி. முத்ரா கடனுக்கு இடைத்தரகர் என்று யாரும் நியமிக்கப்படவில்லை. வங்கிக் கிளையிலோ அரசின் கடன் விண்ணப்பத் தளமான ஜன் சமர்த் இணையதளத்திலோ நீங்களே விண்ணப்பிக்கலாம்.

பிணை பற்றிய விதி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் இட்டிருக்கும் கட்டாய உத்தரவு. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று மூன்று பிரிவுகள் இருந்தன. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தரும் தருண் பிளஸ் என்ற பிரிவு 2024இல் சேர்ந்தது. இந்தக் கடன்களுக்கு அரசின் உத்தரவாத நிதியம் பின்னால் நிற்கிறது.

ஆனால் விதியைக் காட்டி மேலாளரை மடக்குவதால் மட்டும் கடன் வந்துவிடாது. அவர் பத்திரம் கேட்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உங்கள் வங்கிக் கணக்கில் கடை தெரியவில்லை. சீருடைப் பணம் ரொக்கமாக வந்து, ரொக்கமாகவே தண்டல்காரரிடம் போய்விட்டால், 18 லட்சம் விற்றுவரவு என்பது உங்கள் வாய்மொழியாக மட்டுமே இருக்கும். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, கியூஆர் அட்டையை அதனுடன் இணைத்து, ரொக்க விற்பனையையும் அதிலேயே செலுத்தி வாருங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாமல் இருந்தால் உடனே செய்யுங்கள்.

துணிக்கான தொகையை மிஷின் கடனோடு கலக்காமல் நடைமுறை மூலதனக் கடனாகத் தனியே கேளுங்கள். எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுவரவில் 20 விழுக்காட்டை நடைமுறை மூலதனமாகக் கொடுப்பது சிறு தொழில்களுக்கு வங்கிகள் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு. வரும் ஆண்டுக்கு 22 லட்சம் என்று நியாயமாகக் காட்ட முடிந்தால் 4.4 லட்சம் வருகிறது. அது கிஷோர் பிரிவிலேயே அடங்கிவிடும்.

தண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிக்கும் வழக்கமான தண்டலை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சீருடையில் கிடைக்கும் லாபம் எங்கே போகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பதில் 2: கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிபவர்

மேலே ஐயா சொன்ன 22 லட்சத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவுக்கு 40 லட்சம் என்ற வரம்பு, பொருள்களை மட்டும் விற்பவர்களுக்கே பொருந்தும். வாடிக்கையாளரின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது சேவை. ஆகவே உங்களுக்கு வரம்பு 20 லட்சம்தான். வங்கியிடம் 22 லட்சம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவு செய்யாமல் இருந்தால், கடன் கோப்பே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அஞ்ச வேண்டியதில்லை. சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால், உற்பத்தியாளராக விற்றுவரவில் 1 விழுக்காடு கட்டினால் போதும். அதில் சேருபவர், முந்தைய ஆண்டு விற்றுவரவில் 10 விழுக்காடு அல்லது 5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவரை சேவையும் செய்யலாம் என்பதால், உங்கள் 4 லட்சம் கூலி அதற்குள் அடங்குகிறது. வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. உங்கள் கடைக்கு இவை இரண்டும் பெரிய இடைஞ்சல் இல்லை.

உங்கள் உத்யம் சான்றிதழில் செயல்பாடு என்ற இடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

விளக்குத்தூண் தையலகம்

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 2022இல் கணினி மையத்தில் பதிவு செய்து கொடுத்தார்கள். சில்லறை வணிகம் என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஒரு தனியார் பள்ளி, சென்ற ஆண்டு சீருடைக்குத் தர வேண்டிய 1.6 லட்சத்தை இன்னும் தரவில்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில் 3: கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிபவர்

முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சில்லறை, மொத்த வணிகர்களை 2021 ஜூலையில் மீண்டும் உத்யம் பதிவுக்குள் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் (குறிப்பிட்ட துறைகளுக்கு வங்கிகள் கட்டாயம் ஒதுக்க வேண்டிய கடன்) என்ற ஒரு பயனை மட்டுமே அவர்களுக்கு அளித்தார்கள். மற்ற சலுகைகள் வணிகர்களுக்குக் கிடையாது. நீங்களோ துணி வாங்கி, வெட்டி, தைத்து விற்கிறீர்கள், அது உற்பத்தி. உத்யம் தளத்தில் உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு நீங்களே நுழைந்து, ஆடைத் தயாரிப்பை முதன்மைச் செயல்பாடாகச் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

பள்ளி நிலுவைக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடமும் சேவை தருபவரிடமும் வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்கள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். இத்தகைய நிலுவைப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் மதுரையிலேயே இருக்கிறது. ஆனால் பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021, 2022 தீர்ப்புகளில் சொல்லியிருப்பதால், உற்பத்தி என்று திருத்துவதற்கு முந்தைய 1.6 லட்சத்தில் பள்ளித் தரப்பு அதையே வாதமாக எடுக்கக்கூடும். அதற்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, மூன்றாண்டுக் காலவரம்புக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுவதே பாதுகாப்பு. இந்த ஆண்டுக்கான துணியை வெட்டுவதற்கு முன் பள்ளியிடமிருந்து எழுத்துப்பூர்வ ஆர்டர் வாங்குங்கள், உங்கள் விலைப்பட்டியலில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

மிஷின்களுக்கு முத்ராவை விட நல்ல வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் தையலும் ஒன்று. 35 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். 3 லட்சம் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் 5 விழுக்காடு வரை சலுகை உண்டு. ஏற்கெனவே தொழில் செய்பவர்களும் தகுதியுடையவர்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பம் வங்கிக்குப் போகும். இணையத்தில் அதிகம் பேசப்படும் யுஒய்இஜிபி (வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கானது; அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

மானியக் கோப்பு நகரக் காலம் பிடிக்கும், துணி எடுக்கும் பருவமோ காத்திருக்காது. ஆகவே துணிக்கான முத்ரா விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டு, மிஷினுக்கானதைத் தொழில் மையத்தில் தனியாக நடத்துங்கள். மிஷின்களை இப்போதே கைக்காசில் வாங்கிவிடாதீர்கள். கடன் ஒப்புதலுக்கு முன் வாங்கிய பொருளுக்கு மானியம் பெறுவது கடினம்.

விளக்குத்தூண் தையலகம்

மிக்க நன்றி, ஐயா. கிளையில் மறுபடியும் வாய்மொழியாகவே முடியாது என்று சொன்னால் என்ன செய்வது? கடை வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் இருக்கிறது, அது தடையாகுமா?

பதில் 5: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

11 மாத ஒப்பந்தம் அந்தப் பகுதியில் எல்லோரிடமும் இருப்பதுதான். பழைய ஒப்பந்தங்களின் நகல்களையும், கடைப் பெயரில் உள்ள மின் கட்டண ரசீதுகளையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே இடத்தில் நீண்டகாலமாக இருப்பது விளங்கும்.

விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; அதைத் தர வேண்டியது வங்கியின் கடமை. தராவிட்டால் மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் ஒப்புகைச் சீட்டின் நகலுடன் மனுக் கொடுங்கள், பல கோப்புகள் அங்கேயே அசைந்துவிடும். வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாள்களில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறையைச் சொல்வார்கள். கடன் தருவதா வேண்டாமா என்ற வங்கியின் வணிக முடிவுக்குள் அவர் நுழைய மாட்டார் என்பதால், புகாரில் கடன் தரவில்லை என்று எழுதாமல், 10 லட்சத்துக்குள் பிணை கேட்டதையும் காரணத்தை எழுத்தில் தர மறுத்ததையும் மட்டும் தேதியுடன் எழுதுங்கள்.