மதுரை ரிங் ரோடு: திருச்சியிலிருந்து ஏர்போர்ட், அங்கிருந்து ராமேஸ்வரம்

கேள்வி (பயணி_திருச்சி): திருச்சியிலிருந்து வந்து, மதுரை ஏர்போர்ட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு காரில் ராமேஸ்வரம் போகணும். மேப் தெப்பக்குளம் வழியா ஊருக்குள்ள இழுக்குது. ரிங் ரோட்டிலேயே போக எங்கெங்கே திரும்பணும்? ஃபாஸ்டாக் வருடப் பாஸ் செல்லுமா?

வைகைக்கரை: ஒத்தக்கடை, ஐகோர்ட் கிளை தாண்டினதும் உத்தங்குடி. அங்கே இடது திரும்பினா ரிங் ரோடு. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வாசல் தெரிஞ்சா திருப்பத்தை விட்டுட்டீங்கன்னு அர்த்தம். பாண்டி கோயில் கிட்ட மேம்பாலத்துல ஏறிடுங்க. கீழே சர்வீஸ் ரோட்டுல போனா சிவகங்கை ரோட்டுச் சந்திப்புல மாட்டுவீங்க, கிடா வெட்டு நாள்ல சொல்லவே வேணாம். வைகைப் பாலம் இறங்கினதும் விரகனூர் ரவுண்டானா: வலது தெப்பக்குளம், இடது ராமேஸ்வரம். ஏர்போர்ட்டுக்கு நேரே சிந்தாமணி வழியா மண்டேலா நகர், அங்கே இடது. ஏர்போர்ட்ல இருந்து ராமேஸ்வரத்துக்குத் திரும்பி வரும்போது அதே விரகனூர்ல வலது எடுக்கணும். ரவுண்டானாவை முக்கால் சுத்து சுத்தணும், அதனால முன்னாடியே உள் லேனுக்கு வந்துடுங்க. மேப்ல விரகனூர் ரவுண்டானாவை நடு ஸ்டாப்பா போட்டா ஊருக்குள்ள இழுக்காது.

லாரி_கணக்கு: ராத்திரின்னா கூடுதல் கவனம். திருச்சி நாலுவழிச் சாலையையும் தூத்துக்குடி நாலுவழிச் சாலையையும் இணைக்கிறதே இந்த ரோடுதான், அதனால துறைமுகக் கன்டெய்னர் எல்லாம் இதுலதான். ஓரத்துல லைட் போடாம நிறுத்தியிருப்பாங்க. இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீங்க. மீடியன் இடைவெளி தூரமா இருக்கிற இடத்துல எதிர்த்திசையில பைக் வரும்.

சுங்கம்: இந்த ரிங் ரோடு 1990களின் கடைசியில் மாநகராட்சி கடன் வாங்கிப் போட்ட இருவழிச் சாலை, உத்தங்குடி முதல் கப்பலூர் வரை சுமார் 27 கிமீ. கடனை அடைக்கத்தான் அன்று டோல் வைத்தார்கள். பிறகு மாநில அரசு நாலுவழியாக்கியது. ஃபாஸ்டாக் வருடப் பாஸ் தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான். திருச்சி ரோட்டில் சிட்டம்பட்டியில் செல்லும், ரிங் ரோட்டில் மஸ்தான்பட்டி, சிந்தாமணி மாதிரி மாநிலச் சாவடியில் ஃபாஸ்டாக் வாலெட்டில் கழியும். வாலெட்டில் பணம் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ் இருக்கிற தைரியத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

பயணி_திருச்சி: நன்றி. ஏர்போர்ட்டிலிருந்து தேனி போறதுக்கும் ரிங் ரோடேவா?

வைகைக்கரை: பேர்தான் ரிங், மேற்குப் பக்கம் கிடையாது. கப்பலூர் வரை போய், வலது பக்கம் திண்டுக்கல் நாலுவழியில ஏறி, நாகமலைப் புதுக்கோட்டையில இறங்கி இடது. திருமங்கலம் பக்கம் திரும்பினாத்தான் கப்பலூர் டோல்.