அப்பாவுடன் நியூ லனார்க் போனபோது

ஸ்காட்லாந்து வருகிறவர்கள் பெரும்பாலும் எடின்பரோ கோட்டை, ஏரிகள் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிளாஸ்கோவிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லனார்க். அங்கிருந்து பள்ளத்தில் இறங்கினால் கிளைடு ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்ற பஞ்சாலைக் கிராமம். கோவையில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா எங்களோடு தங்க வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன்.

ஆற்றில் அருவிகள் இருந்ததால்தான் அந்த இடத்துக்கே மில் வந்தது. கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல் 1785-ல் கட்ட ஆரம்பித்தார். நீராவி அல்ல, தண்ணீர்ச் சக்கரம்தான் நூற்பு இயந்திரங்களை ஓட்டியது. தண்ணீர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் ஐந்நூறு பேர் வரை. ஆறேழு வயதுப் பிள்ளைகளும் காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை வேலை செய்தார்கள், அதன் பிறகு இரவுப் பள்ளி. டேல் அந்தக் காலத்தில் நல்ல முதலாளி என்று பெயர் வாங்கியவர். நல்ல முதலாளியிடமே இப்படி என்பதுதான் என் மனதை அறுத்தது.

1800-ல் டேலின் மருமகன் ராபர்ட் ஓவன் பொறுப்பேற்றார். அநாதை இல்லப் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்தினார், பத்து வயதுக்குக் கீழே வேலை கிடையாது என்றார். 1816-ல் பள்ளி திறந்தார். அடி கிடையாது, பாட்டு, நடனம், சுவரில் பெரிய பெரிய படங்கள். அமெரிக்கப் பஞ்சு வராமல் மில் நின்ற நான்கு மாதமும் முழுச் சம்பளம் கொடுத்தார். ஊர்க் கடையில் நல்ல சரக்கு நியாய விலைக்குக் கிடைத்தது, அதன் லாபம் பள்ளிக்குப் போனது.

அதே ஓவன் வைத்ததுதான் அங்கே நாங்கள் பார்த்த ஒரு மரக்கட்டையும். விரலளவுதான் இருக்கும், நான்கு பக்கமும் நான்கு நிறம். வெள்ளை என்றால் மிக நன்று, மஞ்சள் நன்று, நீலம் சுமார், கறுப்பு மோசம். முந்தைய நாள் நடத்தைக்குத் தகுந்த பக்கம் தெரியும்படி ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் தொங்கும். அதைத் தனிப் பேரேட்டிலும் ஏற்றினார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எங்க மேஸ்திரி திட்டுவாரு, அதோட போயிரும் கண்ணு. இது நாள் பூரா எல்லாரு கண்ணுலயும் படுமே" என்றார். ஓவனைப் பற்றி நான் படித்த புகழ்ச்சிகளைவிட அந்த ஒரு பேச்சு எனக்குச் சரியாகப் பட்டது. ஓவன் பிள்ளைகளுக்குச் செய்த நன்மை உண்மை. மனிதர்களை இயந்திரம் போலத் திருத்திவிடலாம் என்று நம்பியதும் உண்மைதான்.

அப்புறம் மூன்றாம் மில்லுக்குள் போனோம். அங்கே பழைய மியூல் இயந்திரம் இன்றும் கம்பளி நூல் நூற்கிறது. நீளமான வண்டி ஒன்று கதிர்களோடு பின்னால் போய் நூலை இழுத்து முறுக்கும், திரும்பி வரும்போது சுற்றிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் வாழ்நாளைக் கழித்த அப்பாவுக்கு அது புதுசு. "நடக்குது பாரு!" என்று சிரித்தார். இந்த மாதிரி இயந்திரங்களுக்கு அடியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, சின்னப் பிள்ளைகள் தவழ்ந்துபோய்ப் பஞ்சுத் தூசியைக் கூட்டுவார்கள் என்று படித்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி திரும்பி வர எத்தனை நொடி ஆகிறது என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

மில் 1968-ல் மூடப்பட்டது. ஊர் பாழாகப் போகும் நிலையில் 1974-ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை மீட்டெடுத்தது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் தொழிலாளர் வீட்டைத் தவறவிடாதீர்கள். முழுக் குடும்பமும் ஒரே அறையில். கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு கட்டிலை இழுத்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். கார் நிறுத்துமிடம் மேட்டில் இருக்கிறது, திரும்பும்போது ஏற்றம். மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போனால் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.