மறுமொழி: மூட்டுவலி மாத்திரைகளுக்கு ‘அழல்தணிப்பி’ சரிப்படுமா?

அண்ணாச்சி, வணக்கம்.

ஆங்கிலத்தில் NSAID (ஸ்டீராய்டு அல்லாத, அழற்சியைக் குறைக்கும் மருந்து) எனப்படும் மூட்டுவலி மாத்திரைகளுக்குத் தமிழில் தனிச்சொல் வேண்டாம், வலி மாத்திரைகள் எல்லாவற்றையும் ‘வலிநீக்கி’ என்றே சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் இடிக்கிறது. பாராசிட்டமாலும் வலிநீக்கிதான், ஆனால் வீங்கிச் சிவந்த மூட்டில் அது அழற்சியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென் எல்லாம் அழற்சியையும் குறைக்கும் வேறு வகை. ஆஸ்பிரினும் அதன் கூட்டாளிகளும் வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதையே தடுக்கின்றன என்று 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். குமரி மாவட்டக் குலசேகரத்தில் மருந்துக்கடைக்குப் போய் ‘மூட்டு உளைச்சலுக்கு ஒரு மாத்திரை’ என்று கேட்டால் இரண்டில் எதுவும் வரலாம். சொல் தனியாக இருந்தால் ‘எந்த வகை?’ என்றாவது கேட்கலாம்.

‘அழற்சி எதிர்ப்பி’ வேண்டாம். நுண்ணுயிர் எதிர்ப்பி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ஆன்டிபயாட்டிக் என்று நினைத்துவிடுவார்கள். ‘நீக்கி’ என்பதும் மிகை. மருந்தின் வேகம் குறைந்ததும் வலி திரும்பிவிடும். ஆகவே ‘அழல்தணிப்பி’. ‘ஸ்டீராய்டு அல்லாத’ என்பதைத் தேவைப்பட்டால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மருந்துக்கு ‘அதுவல்ல’ என்றே பெயர் வைத்தது எனக்கு எப்போதும் வேடிக்கைதான்.

உட்பிரிவில்தான் சிக்கல். புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதிகள் காக்ஸ்-1, காக்ஸ்-2 என இரண்டு. காக்ஸ்-1 இரைப்பைச் சுவரைக் காக்கிறது. அழற்சியில் மிகுவது பெரும்பாலும் காக்ஸ்-2. இபுப்ரோஃபெனும் நாப்ராக்செனும் இரண்டையும் தடுப்பதால் வயிற்றில் புண் வரலாம். செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் இரண்டாவதையே குறிவைப்பதால் வயிறு ஓரளவு தப்பும், இதயத்தைக் கவனிக்க வேண்டும். இதே வகை ரோஃபெகாக்சிப் மாரடைப்பு அபாயத்தால் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. காக்ஸ்-2ஐ மட்டும் தேர்ந்து தடுக்கும் இவற்றை ‘காக்ஸ்-2 தேர்தடுப்பி’ எனலாம். டைக்ளோஃபினாக்கை இரண்டையும் தடுக்கும் பழைய வகையில் வைத்தாலும் அதன் சாய்வு காக்ஸ்-2 பக்கம்தான். இதய எச்சரிக்கை அதற்கும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எந்த வகையும் ஆபத்து.

அப்புறம், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் முழங்கைக் கடுப்பை ‘தசைநாண் அழற்சி’ என்று எழுதுகிறோம். நாள்பட்ட நிலையில் அங்கே அழற்சி குறைவு, நார்கள் சிதைந்திருப்பதே அதிகம். அழல்தணிப்பி சில நாள் வலியை அடக்கும், நாரைச் சரிசெய்யாது. அதற்கும் மாத்திரையைவிட மேலே பூசும் டைக்ளோஃபினாக் ஜெல் வயிற்றுக்கு நல்லது. உண்மையில் பலன் தருவது பளுவை மெல்ல மெல்லக் கூட்டிச் செய்யும் பயிற்சி. இந்த நிலைக்கு ‘தசைநாண் நலிவு’ என்று முன்வைக்கிறேன். நம்மூர் வர்ம ஆசான்மார் வாயில் இதற்கென்று ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், எனக்கு மறுப்பில்லை.