முதல் கார்பெட் பைத்தான்: வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

நண்பர்களே, இதுவரை பாம்பு எதுவும் வளர்த்ததில்லை, முதலாவதாகக் கார்பெட் பைத்தான் என்ற மலைப்பாம்பை வளர்க்க ஆசை. உரிமம் விஷயத்தை முதலில் முடித்துவிடுவேன். காட்டில் பிடித்தது வேண்டவே வேண்டாம், வளர்ப்பில் பொரித்த குட்டிதான்.

20 வருஷம் வாழும், 2 மீட்டருக்கு வளரும், கோஸ்டல் வகை அதையும் தாண்டும், ஜங்கிள் வகை கொஞ்சம் சிறியது என்பது வரை தெரியும். மரமேறிப் பாம்பு என்பதால் கூண்டு உயரமாக, உள்ளே தடித்த கிளைகளோடு இருக்க வேண்டும், சரி. ஆனால் குட்டியை எடுத்தவுடனே அதில் விடலாமா? பெரிய இடத்தில் பயந்து இரை எடுக்காது என்கிறார் ஒருவர், ஒளிய இடம் இருந்தால் போதும் என்கிறார் இன்னொருவர்.

சூடு ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 25, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இதற்குச் செராமிக் ஹீட்டரா, கூரையில் பொருத்தும் ஹீட் பேனலா, எது நல்லது?

அப்புறம் கடி. உதட்டோரக் குழிகளால் உடல்சூட்டை உணர்வதால், எலி வாசனையோடு கை உள்ளே போனால் அதையும் இரை என்று நினைத்துக் கழுத்தை மடக்கிப் பாயுமாம், அதிலும் குட்டிகள் ரொம்பவே. பாம்பு தூக்கும் கொக்கியால் லேசாகத் தொட்டுவிட்டுத் தூக்கினால் உண்மையிலேயே அடங்குகிறதா?

இரைக்கு உறைந்த எலிதான். ஃப்ரீசரில் எலி வைக்க அம்மா ஒப்புக்கொள்வாரா என்பது தனிக்கதை. உறைந்ததைத் தின்று பழகிய குட்டிதானா என்று வாங்கும்போது எப்படி உறுதி செய்வது? நம் கண்முன்னே ஒருமுறை ஊட்டிக் காட்டச் சொல்லலாமா?