கருப்பசாமி துணை (குடும்பக் குழு)

செல்வி: அப்பா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாயிற்று. இரண்டு இட்லி சாப்பிட்டார்.

முருகேசன் மாமா: 🙏🙏

கார்த்தி: என்னதான் நடந்தது அக்கா? யாரும் முழுசாய்ச் சொல்லவில்லை.

செல்வி: சஷ்டி விரதம். காலையில் இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறார். 11 மணிக்கு பனியன் தொப்பலாய் நனைந்து, யாழினியை என் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். தாத்தா விளையாடுகிறார் என்று இவள் சிரித்தாளாம்.

கார்த்தி: அப்புறம்?

செல்வி: கட்டிலில் சரிந்ததும் பயந்துவிட்டாள். அப்பா போன் பூட்டு தெரியாமல் கோடு போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பூட்டியிருந்தாலும் 108க்குப் போகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? என் பழைய போனைத் தேடி எடுத்துப் போட்டாள். எந்த இடம் என்று கேட்டதற்கு “தாத்தா வீடு” என்றாளாம்.

கார்த்தி: 😂😂

வள்ளி அத்தை: சிரிக்காதே. எட்டாவது வரை உனக்கு நம் தெருப் பேரே தெரியாது.

செல்வி: பக்கத்து வீட்டு டீச்சர் ஓடி வந்து போனை வாங்கிப் பேசினார்.

சரோஜா சித்தி: எல்லோரும் பொறுமையாய்ப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொட்டைக்கு எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு முதலுதவி சொல்லித்தர எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, பேச்சு குழறுவது எல்லாம் சர்க்கரை இறங்குகிற அடையாளம். நினைவு இருந்து, விழுங்க முடிந்தால் 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. வாய் கோணினாலோ ஒரு கை தூக்க வராவிட்டாலோ பக்கவாதமாய் இருக்கலாம். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து வைத்தாலே பெரிய உதவி.

முருகேசன் மாமா: பஸ் 30 சீட்டா 40 சீட்டா?

வள்ளி அத்தை: பச்சைப் பிள்ளைகள் பயந்துவிடும் சரோஜா. என் பேரன் மொட்டை அன்றைக்கு இதெல்லாம் எதற்கு?

சரோஜா சித்தி: தெரியாததால்தான் அண்ணி யாழினி பயந்தாள். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர் காப்பதை 12 வயதிலிருந்து வருடத்துக்கு 2 மணி நேரம் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும் என்ற திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2015லேயே ஆதரித்தது.

பிரபா: அந்த 2 மணி நேரத்தையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

முருகேசன் மாமா: வலிப்பும் சொல்லிக்கொடு. கையில் இரும்பு கொடுக்க வேண்டும்.

சரோஜா சித்தி: வேண்டவே வேண்டாம் அண்ணா. கையிலும் வாயிலும் ஒன்றும் வைக்கக் கூடாது. ஒருக்களிக்க வைத்து, தலைக்கு அடியில் துணி. 5 நிமிடம் தாண்டினால் 108.

முருகேசன் மாமா: உன் வீட்டுக்காரருக்கு நான்தானே சாவிக்கொத்து கொடுத்தேன். நின்றதே!

சரோஜா சித்தி: அது தானாய் நின்றது. அத்தை பீரோ சாவிதான் இன்னும் திரும்பி வரவில்லை.

வள்ளி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: படித்துவிட்டேன் அம்மா.

செல்வி: அதை இப்போது எதற்கு எடுக்கிறீர்கள்? அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா: விரதம் சாமிக்கு. ஊசி டாக்டருக்கு. இரண்டு பேரையும் மதித்தேன். அவ்வளவுதான்.

சரோஜா சித்தி: அடுத்த சஷ்டிக்கு ஊசி எவ்வளவு போடுவது என்று முதலில் டாக்டரைக் கேளுங்கள் அத்தான்.

முருகேசன் மாமா: 12.30க்குப் பந்தி. சமையல்காரர் கறாராய்ச் சொல்லிவிட்டார். 20 நிமிடம் வேண்டுமானால் எடுத்துக்கொள்.

சரோஜா சித்தி: 20 நிமிடத்தில் போன் போடுவது, இடம் சொல்வது மட்டும்தான் முடியும். பெரிய பிள்ளைகளுக்கு நெஞ்சை அழுத்தவும் காட்டலாம் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு தலையணை வேண்டும்.

கார்த்தி: கோயிலுக்குத் தலையணையா 😂

வள்ளி அத்தை: முதலில் மொட்டை முடியட்டும். பார்க்கலாம்.

செல்வி: யாழினி காலையிலிருந்து அட்ரஸ் ஒப்பிக்கிறாள். கதவு எண், தெரு, வாட்டர் டேங்க் எதிரில்.

பிரபா: நீல கேட் என்றும் சொல்லச் சொல் அக்கா.

அப்பா: கேட் பச்சை. பொங்கலுக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

முருகேசன் மாமா: 30 சீட்டே சொல்லிவிடவா?