புதுப்பிப்பு: பேரப்பிள்ளைகளின் மாலை வகுப்புகள், வேன் யோசனை பலித்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பேரப்பிள்ளைகள் இருவரையும் சிலம்பம், தேவாரம், டியூஷன் என்று அழைத்துப்போக முட்டிவலி விடவில்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "ஆளுக்கு ஒரே வகுப்பு, அதுவும் பள்ளி வேன் போகும் வழியில்" என்ற யோசனைதான். டியூஷனை நிறுத்தியாச்சு. புதன்கிழமை பள்ளியில் புறப்பாட நடவடிக்கை (பாடத்துக்கு வெளியே நடக்கும் விளையாட்டு, சங்கம் போன்றவை) முடிந்ததும் வேன் நேரே கோயில் மண்டபத்தில் இறக்கிவிடும். சிலம்பமும் தேவாரமும் அங்கேதான், கூட்டிவர ஒரு நடை போதும். வேன்காரரிடம் கிழமை, இறக்கும் இடம், கூட்டிப்போகிறவர் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால், மாற்று ஓட்டுநர் வரும் நாளில் பிள்ளைகள் வீட்டு வாசலில்!

எதிர்பாராதது சிலம்பக் கம்பு. நெற்றி உயரக் கம்பு வேனுக்குள் அடங்காது, பக்கத்துப் பிள்ளை கண்ணில் படும். பெயர் எழுதி மண்டபத்திலேயே வைத்துவிடலாம். வீட்டுக்கு வராமல் நேரே போவதால், பெட்டி மைலோவும் (சாக்லேட் பானம்) பிஸ்கட்டும் காலையிலேயே பையில் போகணும்.